பேசிக்கொண்டே ஓடுங்கள், மாமா

இடம்: மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம். நேரம்: காலை ஐந்தரை.

முருகேசன், வயது 47, எலக்ட்ரிகல் கடைக்காரர். சரவணன், வயது 39, அவர் மனைவியின் தம்பி. திருப்பூரில் வேலை பார்த்த இடத்தில் எட்டு கிலோ இளைத்து ஊர் திரும்பியதிலிருந்து, குடும்பத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் இவனிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

(முருகேசன் ஷூ நாடா கட்டக் குனிகிறார். கைக்கும் நாடாவுக்கும் நடுவில் வயிறு நிற்கிறது. சரவணன் உட்கார்ந்து கட்டிவிடுகிறான்.)

சரவணன்: என்ன மாமா, இந்த ஷூவா?

முருகேசன்: அதற்கென்ன குறைச்சல்? 2009-ல் வாங்கியது. நாலு தடவை போட்டிருந்தால் அதிகம். பரணிலேயே பத்திரமாக இருந்தது. புத்தம் புதுசு.

சரவணன்: பரணில் கிடந்தாலும் பசை இற்றுப்போகும் மாமா. அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும்.

முருகேசன்: உபயோகிக்காமல் வைத்திருந்தால் ஒரு பொருள் கெட்டுப் போகுமா?

சரவணன்: உங்கள் உடம்பையே கேளுங்கள். கடைசியாக எப்போது ஓடினீர்கள்?

முருகேசன்: பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடினேனே.

சரவணன்: பிடித்தீர்களா?

முருகேசன்: பிடித்தேன். திருச்சியில். டாக்சிக்காரன்தான் கொஞ்சம் அதிகமாக வாங்கிவிட்டான்.

சரவணன்: சரி, கவனியுங்கள். முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடக்கிறோம். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள் போதும்.

முருகேசன்: ஒரு நிமிடமா? நான் யாரென்று தெரிந்துதான் பேசுகிறாயா? போலீஸ் செலக்சனில் 1500 மீட்டரை நாலு நிமிடம் ஐம்பது செகண்டில் ஓடியவன். மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 86 வர வேண்டும். எனக்கு 89 வந்தது. டேப் பிடித்த ஏட்டு அசந்து போய் இன்னொரு தடவை அளந்தார்.

சரவணன்: போன வாரம் அக்கா அளந்தபோது 104 வந்ததே.

முருகேசன்: அது வயிறு.

சரவணன்: மூச்சை இழுக்காமலே 104. இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90-ஐத் தாண்டினாலே சர்க்கரை, பிரஷர் எல்லாம் எட்டிப் பார்க்கும் என்கிறார்கள்.

முருகேசன்: அதனால்தான் வந்திருக்கிறேன். நேராக ஒரு 1500 மீட்டர் ஓடிவிடுகிறேன். நீ கடிகாரத்தைப் பிடி.

சரவணன்: வேண்டாம் மாமா. பழைய வேகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, உங்கள் முட்டிக்கு இல்லை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்காகும். மூச்சு சரியாகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்கள்தான் நேராகக் கட்டுப்போடும் டாக்டரிடம் போய் நிற்கிறார்கள். உங்களுக்கு ஒரே விதி. ஓடும்போது பேச முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

முருகேசன்: பேசுவதா? என்னிடமா? சரியான ஆளைப் பிடித்தாய் போ.

(ஐந்து நிமிட நடை. அதில் போலீஸ் செலக்சன் கதை ஒரு தடவை முழுதாக முடிகிறது. எஸ்.பி. கை குலுக்குகிறார். சென்ற பொங்கலுக்குச் சொன்னபோது அவர் இன்ஸ்பெக்டராக இருந்தார்.)

சரவணன்: ம், ஓடுங்கள்!

(முருகேசன் பாய்ந்து கிளம்புகிறார். இருபது அடி வரை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.)

சரவணன்: மெதுவாக! பேசிக்கொண்டே ஓடுங்கள் மாமா! அந்த 1500 மீட்டர் கதையைச் சொல்லுங்கள்!

முருகேசன்: அது... அன்னைக்கு...

சரவணன்: எத்தனை நிமிடம் என்றீர்கள்?

முருகேசன்: ஆறு... அம்பத்தெட்டு.

(சரவணன் நின்றுவிடுகிறான். செலக்சனுக்குக் கெடு ஏழு நிமிடம். ஒரு நிமிடமும் முடிகிறது. இருவரும் நடக்கிறார்கள்.)

சரவணன்: ஆறு ஐம்பத்தெட்டா? அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அப்பாவிடம் நாலு ஐம்பது என்றீர்களே?

முருகேசன்: (மூச்சு திரும்புகிறது, கூடவே கதையும் திரும்புகிறது) அது வந்து மாப்ளே, மொத்தமாகப் பார்த்தால் நாலு ஐம்பதுதான். அன்றைக்கு மைதானத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தவிர, கடிகாரம் பிடித்தவருக்கும் எங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு வாய்க்கால் தகராறு...

(ஒன்றரை நிமிடத்தில் வாய்க்கால் தகராறு கீழ்க்கோர்ட்டைத் தாண்டிவிடுகிறது. சரவணன் காதில் எதுவும் ஏறவில்லை. மாமா நடக்கும்போது ஒரு கணக்கும் ஓடும்போது வேறு கணக்கும் சொல்வதை அவன் யோசித்துக்கொண்டு வருகிறான். கேள்விகளை இனி ஓட்டத்துக்கென்று எடுத்து வைக்கிறான்.)

சரவணன்: ஓடுங்கள்! கயிறு ஏறினீர்களா?

முருகேசன்: பாதி.

சரவணன்: அப்புறம்?

முருகேசன்: தொங்கினேன்.

சரவணன்: அப்புறம்?

முருகேசன்: ஏணி... வச்சு... இறக்கினாங்க.

(பின்னாலிருந்து போலீஸ் செலக்சனுக்குத் தயாராகும் பையன்கள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஒருவன் குரல் கொடுத்துவிட்டு, மண்ணைக் கிளப்பிக்கொண்டு தாண்டிப் போகிறான்.)

முருகேசன்: (நடந்தபடி) பார்த்தாயா? என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டான். போலீஸ் களை இன்னும் முகத்தில் இருக்கிறது.

சரவணன்: ‘ஐயா, ஓரமாப் போங்க’ என்றான் மாமா.

முருகேசன்: முதல் வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

(மூன்றாவது ஓட்டம்.)

சரவணன்: போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய ஐயாயிரம் ஞாபகம் இருக்கிறதா?

முருகேசன்: இருக்கு...

சரவணன்: எப்போது தருவீர்கள்?

முருகேசன்: தர்ற... எண்ணம்... இல்ல.

(நடை.)

சரவணன்: என்ன மாமா, இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டீர்கள்?

முருகேசன்: எந்த ஐயாயிரம்?

சரவணன்: இப்போதுதானே—

முருகேசன்: ஓடும்போது மூளைக்கு ரத்தம் குறைவாகப் போகும் மாப்ளே. அந்த நேரத்தில் சொல்வது எதுவும் கோர்ட்டில் நிற்காது. அதை விடு, இதுவரை எத்தனை கிலோ குறைந்திருப்பேன்?

சரவணன்: கிலோவா? ஒரு கிலோமீட்டர் ஓடினால் உங்கள் எடை எத்தனை கிலோவோ, ஏறக்குறைய அத்தனை கலோரிதான் செலவு. நீங்கள் 92. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி ஆக வேண்டும்.

முருகேசன்: (வாய்க்கணக்கு. பில் போட்டுப் பழகிய வாய்) எண்பத்து நாலு கிலோமீட்டர்! ராஜபாளையம் வரை ஓடினால்தான் ஒரு கிலோவா?

சரவணன்: ஏறத்தாழ.

முருகேசன்: திரும்பி வருவது சுலபம். அந்த ஊர் நாய் துரத்தினால் ஒரே மூச்சில் மதுரை.

சரவணன்: இதனால்தான் ஓடி மட்டும் இளைக்க முடியாது என்பது. நெய்யில் கிராமுக்கு ஒன்பது கலோரி. பொங்கலில் நீங்கள் விடும் கரண்டிக்கு இருபது கிராம் வைத்துக்கொள்வோம். 180. இரண்டு கிலோமீட்டர் ஓடியது அந்தக் கரண்டியோடு போச்சு.

முருகேசன்: நம் கடைப் பையன் ஒரே வாரத்தில் மூணு கிலோ குறைத்தானே?

சரவணன்: அதில் முக்கால்வாசி தண்ணீர். ரெண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும். சரி, நாலாவது. ஓடுங்கள்! நேற்று எத்தனை வடை?

முருகேசன்: மூணு.

சரவணன்: அக்காவிடம் ஒன்று என்றீர்கள்.

முருகேசன்: சட்னியோட... ஒண்ணு. சாம்பாரோட... ரெண்டு. அவள்... சட்னியைப் பத்தி... மட்டுந்தான்... கேட்டாள்.

(இடது ஷூவிலிருந்து சத்தம். குதிகால் பக்கம் அடிப்பாகம் கழன்று, ஒவ்வொரு அடிக்கும் சப்பு சப்பென்று தரையில் அடிக்கிறது. இருவரும் நின்று பார்க்கிறார்கள். மேலே வெள்ளை வெளேரென்று புதுசாக இருக்கும் ஷூவின் உள்ளிருந்து, மஞ்சள் பூத்த பொருள் ஒன்று பொட்டுக்கடலை மாவுபோல உதிர்கிறது. முருகேசன் டிராக் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்றை எடுக்கிறார். பாதத்தைச் சேர்த்து நாலு சுற்று, குதிகாலில் குறுக்கே இரண்டு, பல்லால் கடித்து ஒரு அறுப்பு. கட்டிய கை சுத்தமான கை. இந்த ஒரு விஷயத்தில் அவர் பொய்யே சொன்னதில்லை.)

சரவணன்: ஓட வரும்போது டேப் எதற்கு மாமா?

முருகேசன்: கல்யாணத்துக்கே எடுத்துக்கொண்டு போனவன் நான். உன் அக்காவைக் கேள்.

சரவணன்: வீட்டுக்குப் போய்விடலாமா?

முருகேசன்: போகலாம். எனக்கும் வயசாகிவிட்டது மாப்ளே. இதெல்லாம் இளவட்டம் செய்கிற வேலை.

சரவணன்: வயசா? ஃபவுஜா சிங் என்று ஒருவர். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். 2000-ல் லண்டன் மாரத்தானில் முதல் முறையாக ஓடினார். அப்போது அவருக்கு வயது 89.

முருகேசன்: 89-ஆ?

சரவணன்: 89.

முருகேசன்: அப்படியென்றால் எனக்கு இன்னும் நாற்பத்திரண்டு வருஷம் இருக்கிறது. வா, போய்ப் படுப்போம்.

(சரவணன் கையைப் பிடித்து இழுக்கிறான். ஐந்தாவது ஓட்டம். டேப் பிய்ந்துவிடுமோ என்ற பயத்தில் முருகேசன் பாதத்தைப் பூப்போல வைத்து, சின்னச் சின்ன அடியாக ஓடுகிறார். வாக்கிங் வந்த ஒரு பாட்டி அவரைத் தாண்டிப் போகிறார். ஆனால் மூச்சு சீராக வருகிறது.)

சரவணன்: மாமா, அந்த ஏணி எத்தனை அடி?

முருகேசன்: எந்த ஏணி? மாப்ளே, கயிற்றில் நான் உச்சிக்குப் போய் மணியை அடித்தேன். கீழே நின்ற எஸ்.பி. ‘சபாஷ்’ என்றார். 1500 மீட்டரும் நாலு நிமிடம் ஐம்பது செகண்ட். எதிர்க்காற்று மட்டும் இல்லையென்றால் நாலு நாற்பது.

சரவணன்: (திகைத்து) ஓடிக்கொண்டேதானே இருக்கிறீர்கள்?

முருகேசன்: ஆமாம். மூச்சு இரைக்கவே இல்லையே. என்ன காரணம்?

சரவணன்: சரியான வேகத்துக்கு வந்துவிட்டீர்கள். முழுசாக, தங்குதடை இல்லாமல், இத்தனை பொய் சொல்ல முடிகிறதென்றால் இதுதான் உங்கள் வேகம்.

(சரவணனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று மீதி ஓட்டங்கள் இதே வேகத்தில் போகின்றன. எஸ்.பி. இப்போது டி.ஐ.ஜி. ஆகிவிட்டார். கடைசி நடையில் முருகேசன் கொஞ்ச நேரம் பேசாமல் வருகிறார். அவர் பேசாமல் இருந்தால் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். பையன்கள் மறுபடி சுற்றி வருகிறார்கள்.)

முருகேசன்: மாப்ளே, நீ நன்றாக ஓடுவாயே. இந்தப் பையன்களோடு ஒரு ரவுண்டு போய் வா, பார்க்கிறேன்.

சரவணன்: எதற்கு மாமா?

முருகேசன்: சும்மா. எட்டு கிலோ குறைத்த உடம்பு எப்படி ஓடுகிறதென்று பார்த்தால் எனக்கும் ஒரு ஊக்கம்.

(ஊக்கம் என்ற வார்த்தைக்கு மயங்காத மச்சினன் இல்லை. சரவணன் பாய்கிறான். பாதிச் சுற்று வரை பையன்களோடு ஒட்டிக்கொண்டு போகிறான். மீதிச் சுற்றுக்குத் தனியாகத்தான் வருகிறான். முகம் வேறு நிறத்தில் இருக்கிறது. முருகேசன் டேப் போட்ட ஷூவோடு குறுக்கே வந்து, அவன் பக்கத்திலேயே நிதானமாக ஓடுகிறார்.)

முருகேசன்: நிற்காதே, ஓடு. எட்டு கிலோ எப்படிக் குறைந்தது?

சரவணன்: டை...

முருகேசன்: டயட்டா?

சரவணன்: டைபாய்டு.

(இப்போது முருகேசன் நிற்கிறார். சரவணன் புல்லில் உட்கார்ந்துவிடுகிறான்.)

முருகேசன்: டைபாய்டா! ஓடி ஓடி இளைத்தேன் என்று உன் அக்காவிடம் சொல்லி, அவள் அதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுத்து, இந்த இருட்டில் என்னை எழுப்பி விட்டாளே!

சரவணன்: திருப்பூரில் தனியாக ரூமில் கிடந்தேன் மாமா. வீட்டில் பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை. ஊருக்கு வந்ததும் எல்லாரும் ‘எப்படிடா இளைத்தாய், எப்படிடா இளைத்தாய்’ என்று கேட்டார்கள். ஓடினேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டோமே என்று அப்புறம்தான் நிஜமாகவே ஓட ஆரம்பித்தேன்.

முருகேசன்: ஓட ஆரம்பித்த பிறகு எவ்வளவு குறைந்தாய்?

சரவணன்: மூணு கிலோ ஏறியிருக்கிறேன். பசிக்கிறதே மாமா!

(மைதானத்து வாசலில் பருத்திப்பால் வண்டி. பித்தளைப் பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் சுக்கும் வெல்லமும் கலந்த வாசனை வருகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு டம்ளர் வாங்குகிறார்கள். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் கூடுதலாக.)

சரவணன்: இதில் எத்தனை கலோரி தெரியுமா மாமா?

முருகேசன்: குடிக்கும்போது கணக்குச் சொல்கிறவன் அடுத்த தடவை தனியாக வர வேண்டியதுதான்.

சரவணன்: சரி, சரி. நாளைக்குக் காலை நன்றாக வலிக்கும், நாளன்றைக்கு அதைவிட வலிக்கும். பயப்படாதீர்கள், தானாகப் போய்விடும். நாளைக்கு ஓட வேண்டாம், நடந்தால் போதும். முதலில் ஒரு ஷூ வாங்குங்கள்.

முருகேசன்: டேப் இன்னும் பாதி ரோல் இருக்கிறது.

சரவணன்: மாமா... அந்த டைபாய்டு விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

முருகேசன்: நான் ஏன் சொல்லப் போகிறேன்? ஏணி, வடை இதெல்லாம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.

சரவணன்: இருக்கட்டும் மாமா.

முருகேசன்: அப்புறம் அந்த ஐயாயிரம்?

சரவணன்: எந்த ஐயாயிரம் மாமா?

முருகேசன்: (வண்டிக்காரரிடம்) அண்ணே, எனக்கு இன்னொரு டம்ளர். காசு தம்பி கொடுப்பான்.