எம்டன் குண்டு போட்ட நாள் நல்ல நாள் அல்ல

முதல் உலகப் போரில் சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். அந்த நாளைப் பெங்களூரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் விழாவாகக் கொண்டாடினார்கள், அதைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள்களாக என்ன நடக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே கப்பல் வடிவ கேக்கையும், ஜெர்மன் கேப்டன் வேடமிட்ட சிறுவனுக்குத் தந்த முதற்பரிசையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒரு நிமிடம் எழுந்து நின்று இறந்தவர்களை நினைப்போம் என்று நான் கேட்டபோது, "நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்கு சார்?" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

1914 செப்டம்பர் 22 எப்படி நல்ல நாள் ஆகும்? அன்றிரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன், நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது, குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கப்பலின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது, கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் பெயரும் நினைவிருக்கிறது. அந்த ஐந்து பேரின் பெயரைச் சொல்ல நேற்று அரங்கில் இருந்தவர்களில் ஒருவராலும் முடியவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பாட்டியின் அம்மா அப்போது ராயபுரத்தில் இருந்தார். உலையில் அரிசி கிடக்க, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவள்ளூர்ச் சாலையில் விடியும்வரை நடந்தாராம், திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கிழக்கு வானம் சிவந்தே இருந்ததாம். ஊர் முழுக்கக் கண்டிப்பான அப்பாக்களையும் வாத்தியார்களையும் "சரியான எம்டன்" என்று சொல்லப் பழகிவிட்ட பிறகும், தம் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று சாகும்வரை தடுத்தவர் அவர். இதைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தப் பெயரைக் கிரீமில் எழுதி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

முல்லர் கண்ணியமானவர் என்கிறார்கள். பிடித்த கப்பல்களின் மாலுமிகளை அவர் நல்ல விதமாக நடத்தினார் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. அதனால் சென்னையில் செத்தவர்கள் சாகாமல் போனார்களா? எரிந்தது வெள்ளைக்காரனின் எண்ணெய்தானே என்கிறார்கள். இரவு நேரத்தில் துறைமுகத்தில் இருப்பவர்கள் யார்? கம்பெனி முதலாளிகளா? பிழைப்புக்காகப் போனவர்கள்தாமே? ஜெர்மனியில் இருந்தபடி இந்திய விடுதலைக்காக உழைத்த செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று மேடையில் முழங்கினார்கள், அதற்கு உறுதியான சான்று இல்லை. அவரே வந்திருந்தாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அழ வேண்டுமா என்று கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். ஹிரோஷிமாவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று, குண்டு விழுந்த 8.15 மணிக்கு ஊரே மௌனமாக நிற்கிறது. இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடு நினைவிடத்துக்குள் வைக்கப்பட்டிருக்கிறது, ஆண்டுதோறும் அதில் புதிய பெயர்களைச் சேர்க்கிறார்கள். இரண்டு தாக்குதலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். நான் கேட்பது பெயரை மட்டும்தான். அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படையின் மையத்தைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறோம், சீருடையில் செத்தவனை நினைக்க ஒரு முறை இருப்பது நமக்குத் தெரியும். சீருடை இல்லாமல் செத்தவனுக்கு ஒரு நிமிடம் கேட்டால் அது அபசகுனமா?

பெங்களூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்குச் சென்னை என்பதே கோடை விடுமுறையில் போய்வரும் ஊர். அந்த ஊரைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்கிற ஒரே போர்க்கதையில், அடித்தவனின் தொப்பியை அவர்கள் தலையில் மாட்டி அனுப்புகிறோம். பரிசு வாங்கிய பையன்மேல் எனக்கு வருத்தமே இல்லை, அந்தத் தொப்பியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெரியவர்கள்மேல்தான் வருத்தம்.

அடுத்த செப்டம்பரில் முதலில் ஐந்து விளக்கு ஏற்றி, ஒரு நிமிடம் எழுந்து நிற்க ஒப்புக்கொண்டால், நாற்காலி எடுத்துப் போட நானே முதல் ஆளாக வருகிறேன். இல்லையென்றால் என் வீட்டுச் சந்தாப் பணத்தில் அந்த கேக்கை வாங்காதீர்கள்.