பெரியவரின் ஐந்து நோட்டுகள்

ஆவணக் காப்பகத்தில் போன வாரம் நடந்ததை இங்கே எழுதியிருந்தேன். பஞ்சாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்த பெரியவர் தன் கைப்பட எழுதிக் கொண்டுபோன ஐந்து நோட்டுகளை, "இவர் யார், இதை யார் படிப்பார்கள்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பெரிய மனிதர் எழுதினால் வரலாறு, கூலிக்காரர் எழுதினால் வெறும் காகிதமா? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து 1846இல்தான் வெளியே தெரியவந்தது. "அவர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, இவர் மில் தொழிலாளி" என்று ஒரு நண்பர் பின்னூட்டம் இட்டிருக்கிறார். ஆளுநர் மாளிகையில் நடந்தது தெரிந்த நமக்கு மில் வாசலில் நடந்தது தெரிய வேண்டாமா, ஐயா? நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் வேலை கிடைக்கும் பதலித் தொழிலாளியாக விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே நின்று, பெயர் கூப்பிடாத நாளில் தூக்குவாளியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டதைப் பெரியவர் இரண்டாம் நோட்டில் எட்டே வரிகளில் எழுதியிருக்கிறார். எந்த மில்லின் ஆண்டறிக்கையில் இது இருக்கும்?

நினைவு பிசகும் என்கிறார்கள். பிசகட்டும், சரிபார்க்க ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் அந்தரங்கம் வெளியே வரும் என்ற அச்சம் நியாயமானது. அத்தகைய பக்கங்களைக் குறிப்பிட்ட காலம்வரை யாருக்கும் காட்டாமல் வைக்கலாம், காப்பகங்களில் அந்த வழக்கம் உண்டு. காப்பகத்தில் இடமில்லை என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று எதையும் ஒதுக்காமல் சேர்த்து வைத்தவைதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாக அடித்தளமாயின.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கிறவர்களுக்கு என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவள் தன் அம்மாவுடன் சித்திரை வீதியில் பூ விற்றுக்கொண்டிருந்த சிறுமி. உள்ளே போனவர்களில் கக்கன் முதலானோர் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. தெருவில் நின்றவர்கள் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அப்பத்தா எத்தனையோ முறை சொன்னாள். "அப்புறம் கேட்கிறேன் அப்பத்தா" என்று நான் விளையாட ஓடினேன். அதைச் சொல்லும்போது பூக்கட்டும் விரல்கள் அப்படியே நின்றுவிடும் என்பது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

நோட்டுகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. துருவேறித் தாளை அரித்த இரும்புப் பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகிறேன். "ஆறாவதை எழுதவா, விட்டுடவா தம்பி?" என்று நேற்று பெரியவர் போனில் கேட்டார். எழுதுங்கள் ஐயா என்றேன். எழுதி யாரிடம் கொடுப்பது என்று அடுத்துக் கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.