கட்டிலை விட்டு இறக்குங்கள்

ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் நம் ஆட்கள் முதலில் சொல்வது, “எழுந்திரிக்காதீங்க, படுங்க படுங்க.” பாதி எழுந்தவரும் மறுபடி சாய்ந்துவிடுவார். ஆப்பிள், மைலோ பாக்கெட், ஹண்ட்ரட் பிளஸ் எல்லாம் மேசையில் ஏறும். மகள் சோறு ஊட்டுவாள், பேரன் காலைப் பிடித்துவிடுவான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் பெரியவர்கள் படுத்த படுக்கையாகிப் போவதில் இந்தப் பாசத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகத் தெரிந்தால் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் பெரியப்பா ஒருவர், பட்டர்வொர்த்காரர். எழுபதைத் தாண்டியும் தனியாக ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வருவார். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படியேறும்போது நாங்கள் மூச்சு வாங்க, அவர் மேலே நின்று கூப்பிடுவார். காலில் புண் வந்து, சர்க்கரையும் ஏறி, வாரக்கணக்கில் வார்டில் இருந்தார். புண் நன்றாகவே ஆறியது. ஆனால் வீடு வந்தவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. “ஒரு கால் புண்ணுக்குப் போனாரு, நல்லா இருந்த காலையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டாரு” என்றார் பெரியம்மா. நடந்ததை இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

“வயசாச்சு, அப்படித்தான்” என்று நாம் முடித்துவிடுகிறோம். வயது மட்டும் காரணம் இல்லை. சராசரி 67 வயதுள்ள, நோய் நொடி இல்லாத சிலரைப் பத்து நாள் கட்டிலிலேயே இருக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. இவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை, படுத்திருந்ததுதான் ஒரே காரணம். அதற்கும் முன்னால், 1966இல், டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். அன்று மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடலின் உழைக்கும் திறனை எவ்வளவு குறைத்ததோ, அவ்வளவு குறைப்பை அந்த முப்பது வருட வயதுகூடச் செய்யவில்லை. இருபது வயதுக்கே இந்தக் கதி என்றால் எழுபது வயதுக்கு என்ன ஆகும்!

தசையோடு நிற்பதும் இல்லை. படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி தங்கி நிமோனியா வரலாம், காலில் ரத்தம் கட்டலாம், மலச்சிக்கல், முதுகில் படுக்கைப் புண். கொஞ்ச நாள் கழித்து நிற்க வைத்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். தலை சுற்றுகிறது என்று மறுபடி படுக்க வைப்போம்.

சரி, ஆஸ்பத்திரியில் ஏன் நடக்க விடுவதில்லை? எனக்குத் தெரிந்த ஒரு மிஸ்ஸி (தாதி) இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். நோயாளி விழுந்துவிட்டால் ரிப்போர்ட் எழுத வேண்டும், விசாரணை வரும், குடும்பம் வந்து சத்தம் போடும். விழாமல் படுத்தே கிடந்து நடையை இழந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் கட்டில் கம்பியைத் தூக்கிவிட்டு, பேம்பர்ஸ் போட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. ராத்திரியில் வார்டு முழுக்க நோயாளிகள், பார்க்கச் சில மிஸ்ஸிகள். ஒவ்வொருவரையும் கைப்பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போகச் சொல்வது நியாயமா என்றால், இருக்கிற ஆள் பலத்தில் நியாயம் இல்லைதான். நாளுக்கு 3 வெள்ளி கட்டணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு வார்டு எத்தனை ஏழைக் குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இது நம் நாட்டுக் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் வயதான நோயாளிகளின் காலில் கருவி கட்டி அசைவை அளந்தார்கள். 2009இல் வந்த அந்த ஆய்வின்படி, 83 விழுக்காடு நேரம் அவர்கள் படுக்கையிலேயே இருந்திருக்கிறார்கள்.

நம் இனத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கால் புண்ணுக்காக நீண்ட நாள் வார்டில் கிடப்பவர்களில் நம் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. இன்னொரு கொடுமையும் நடக்கும். நாளைக்குப் புண்ணைச் சுத்தம் செய்ய ஆபரேஷன், நடுராத்திரியிலிருந்து ‘புவாசா’ (சாப்பிடக் கூடாது) என்று கட்டிலில் அட்டை தொங்கும். மறுநாள் முழுக்கப் பட்டினி கிடப்பார். சாயங்காலம் ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) வந்து, அவசரக் கேஸ் வந்துவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்பார். அடுத்த நாளும் அட்டை தொங்கும். அவசரக் கேஸ் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தசை கரைகிற உடம்புக்கு இப்படி விட்டுவிட்டுப் பட்டினி போட்டால் என்ன மிஞ்சும்? ஆபரேஷன் தள்ளிப்போனது தெரிந்த உடனே சாப்பாடு கொடுக்கலாமா என்று கேட்பது குடும்பத்தின் வேலை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் மனசு. வார்டில் கொஞ்ச நாள் இருந்த பாட்டி திடீரென்று ராத்திரியில் கத்துவார், டிரிப் ஊசியைப் பிடுங்குவார், செத்துப்போன தம்பி வந்து கூப்பிடுகிறான் என்பார். உடனே நம் வீடுகளில் மந்திரித்த கயிறு வந்துவிடும். (கயிறு கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, டாக்டரிடமும் சொல்லிவிட்டுக் கட்டுங்கள்.) இதற்கு டெலிரியம் என்று பெயர். கிருமித் தொற்று, மருந்து, வலி, தண்ணீர்ச் சத்துக் குறைவு, தூக்கமின்மை, இவற்றில் எதுவும் வயதான மூளையை இப்படிக் குழப்பிவிடும். விடியுமுன்னே ரத்தம் எடுக்க எழுப்புவார்கள், பக்கத்துக் கட்டிலில் ராத்திரி முழுக்க மெஷின் சத்தம். பகல் எது, ராத்திரி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில் நாம் செய்வதைச் சொல்லியே ஆக வேண்டும். வார்டில் சேர்த்த அன்றே, காணாமல் போய்விடும் என்று பயந்து மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறோம். நகையைக் கழற்றி எடுத்துப் போங்கள், சரி. கண்ணாடியை எடுத்துப் போனால்? கண் தெரியாது, காது கேட்காது, மென்று சாப்பிட முடியாது, சுற்றிலும் தெரியாத முகங்கள். யாருக்குத்தான் புத்தி குழம்பாது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 70 வயதைத் தாண்டிய நோயாளிகளுக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கிடைக்கச் செய்து, தண்ணீர் குடிக்க வைத்து, நடக்க வைத்து, ராத்திரி தூக்கம் கெடாமல் பார்த்து, பேச்சுத் துணைக்கு ஆள் அனுப்பினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது, இவர்களில் 9.9 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. 1999இல் வந்த முடிவு இது. செய்தவற்றில் பாதியை நம் வீட்டு மருமகளே செய்துவிடலாம்.

எல்லோரையும் எழுப்பி நடக்க வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. இடுப்பு எலும்பு முறிந்தவர், முதுகெலும்பில் அடிபட்டவர், அன்றைக்குத்தான் பக்கவாதம் வந்தவர், பாதத்தில் பாரம் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னவர், இவர்களுக்குக் கணக்கு வேறு. அதனால்தான் கேளுங்கள் என்கிறேன். காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் நாம் கேட்பதெல்லாம் “எப்போ டிஸ்சார்ஜ்?” மட்டும்தான். இன்றைக்கு இவர் உட்காரலாமா, எதுவரை நடக்கலாம், ஃபிசியோ எப்போது வருவார், இந்த மூத்திரக் குழாய் இன்னும் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. உட்காரலாம் என்று சொல்லிவிட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டையும் நாற்காலியில் வைத்துக் கொடுங்கள், அவர் கையாலேயே சாப்பிடட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். பார்வையாளர் நேரத்தில் பத்துப் பேர் சுற்றி நின்று ஊர்க்கதை பேசுவதற்குப் பதில், நடக்கலாம் என்று அனுமதி கிடைத்தவரை இரண்டு பேர் பிடித்து ஜன்னல் வரை கூட்டிப்போகலாம்.

ஆஸ்பத்திரிகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய செலவு இல்லை. 2030க்குள் இந்த நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று அரசாங்கமே சொல்லி வருகிறது. விழுந்தால் ரிப்போர்ட் எழுதுவது போல, டிஸ்சார்ஜ் கடிதத்தில் இரண்டு வரி சேருங்கள்: சேர்க்கும்போது எப்படி நடந்தார், அனுப்பும்போது எப்படி நடக்கிறார். எழுதித் தராவிட்டால் நாமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த கிளினிக் தேதியில் அந்தக் கடிதத்தைத்தான் டாக்டர் முதலில் பிரிப்பார்.