காலியா இருந்தா காலின்னு அனுப்புங்கய்யா!

"எக்ஸ்பெக்டட் பிகின் ஆப்ஜெக்ட் பட் வாஸ் பிகின் அரே." இன்னைக்கும் இதே எரர் வரிதான். பேர் போட்ட விவரங்களோட தொகுப்பு (ஆப்ஜெக்ட்) வரும்னு பார்த்தா, வரிசைப் பட்டியல் (அரே) வந்துருச்சாம். அதுவும் ரிலீஸ் லைவ் போனதுக்கப்புறம். சர்வர்ல இருந்து ஜேசான்கிற எழுத்து வடிவத்துல வர்ற டேட்டாவைப் பிரிச்சுக் கொடுக்குற ஜிசான் லைப்ரரியை வெச்சு ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற எல்லாருக்கும் இது மனப்பாடம் ஆகியிருக்கும்.

ஆர்டருக்குள்ள கஸ்டமர், கஸ்டமருக்குள்ள முகவரி, பக்கத்துலயே பொருள் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்குள்ளயும் ஆஃபர். எல்லாம் ஒரே ஜேசான்ல. வரட்டும், அதைப் பிரிச்சு டேபிள் டேபிளா போடத்தானே சம்பளம் வாங்குறோம். ஆனா முகவரி இருந்தா ஆப்ஜெக்ட், இல்லேன்னா காலி அரேன்னு அனுப்பினா மனுஷன் என்ன பண்ணுவான்? டெஸ்டிங் டேட்டால எல்லாருக்கும் முகவரி இருந்துச்சு. லைவ்ல யாரோ ஒருத்தர் கடைக்கே வந்து வாங்கிக்கிறேன்னு முகவரி கொடுக்கல. அவர் ஆர்டர் ஒன்னுக்காக மொத்தப் பட்டியலும் பார்ஸ் ஆகாம, அதாவது பிரிச்சுப் படிக்க முடியாம, படுத்துருச்சு.

பேக்எண்ட்ல, அதாவது சர்வர் கோடு எழுதுறவர்கிட்ட கேட்டா, "ப்ரோ, எங்க சைடுல 200 வருது, போஸ்ட்மேன்ல நல்லாத்தான் தெரியுது"ங்கிறார். 200ன்னா சர்வர் பதில் ஓகேன்னு அர்த்தம், அவ்வளவுதான். நல்லாத் தெரியாம என்ன பண்ணும்? போஸ்ட்மேன் ஒரு டெஸ்டிங் டூல், வந்ததை அப்படியே காட்டும். எந்த ஃபீல்டு எந்த டைப்னு பார்த்து உட்கார வைக்க வேண்டியது நான்தானே! அவங்க சர்வர் கோடு எழுதுற பிஎச்பில லிஸ்டுக்கும், பேர் போட்டு மதிப்பு வைக்கிற மேப்புக்கும் ஒரே அரேதான். காலியா இருந்தா அது எதுன்னு, அதை ஜேசானா மாத்துற ஜேசான் என்கோடு ஃபங்ஷனுக்குத் தெரியாது, லிஸ்டுன்னு நினைச்சு சதுர அடைப்பு போட்டு அனுப்பிடும். ஊரறிஞ்ச விஷயம் இது. முகவரி இல்லேன்னா நல் (ஒன்னுமில்லைங்கிற மதிப்பு) அனுப்புங்க, முடிஞ்சுது.

பொருள் பட்டியல் கதை இன்னும் மோசம். அரே ஃபில்டர் போட்டு நடுவுல ஒரு பொருளைத் தூக்கிட்டாங்க. இண்டெக்ஸ் 0, 2ன்னு நிக்குது. வரிசை விட்டுப் போனதால லிஸ்டா வர வேண்டியது ஆப்ஜெக்டா வருது. கடைசியில இண்டெக்ஸை 0, 1ன்னு திரும்ப வரிசையாக்குற அரே வேல்யூஸ்னு ஒரே ஒரு ஃபங்ஷன் போட்டா சரியாயிடும். அதைப் போட மாட்டாங்களாம். "ஆப் சைடுல ஹேண்டில் பண்ணிக்கோங்க ப்ரோ." இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்குது.

ஹேண்டில் பண்ணியாச்சு. ரெண்டு மாதிரி வந்தாலும் படிக்கிற மாதிரி தனியா டீசீரியலைசர் எழுதி, பார்ஸ் ஆகி, ஃபோன்ல டேட்டா சேமிக்கிற ரூம் லைப்ரரிக்குள்ள போனா அடுத்த இடி. எனக்கு முன்னாடி இருந்தவர் இன்சர்ட்ல ரிப்ளேஸ் போட்டு, பொருளை ஆர்டரோட இணைக்கிற ஃபாரின் கீல கேஸ்கேடும் (ஆர்டர் அழிஞ்சா பொருளும் அழியும்) வெச்சுட்டுப் போயிருக்கார். ரூமுக்கு அடியில இருக்கிற எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல ரிப்ளேஸ்னா அப்டேட் இல்லைங்க. பழைய வரியை அழிச்சுட்டுத்தான் புதுசைப் போடும். அழிக்கும்போது அந்த ஆர்டரோட பொருள் வரிகளும் சேர்ந்தே போயிடும். ஆர்டர் பட்டியலை மட்டும் சர்வர்கிட்ட கேட்கிற லிஸ்ட் ஏபிஐல பொருள் விவரம் வராது. அதனால லிஸ்டை ரெஃப்ரெஷ் பண்ணினா போதும், டீடெயில் ஏபிஐல வாங்கிச் சேமிச்ச பொருள் எல்லாம் காலி. எரர் கிடையாது, கிராஷ் கிடையாது. ஸ்க்ரீன்ல மொத்தத் தொகை இருக்கு, கீழ பொருள் ஒன்னுகூட இல்ல! இருந்தா அப்டேட், இல்லேன்னா இன்சர்ட் பண்ற அப்சர்ட் ரூம் 2.5ல வந்தது 2023ல. இன்னும் அதை எடுத்துப் போட இங்க யாருக்கும் நேரமில்ல, ஆனா வாரா வாரம் புது ஃபீச்சர் மட்டும் வேணும்.

இந்த எரிச்சல்ல ஒரு டீ குடிக்கலாம்னு பேன்ட்ரிக்குப் போனா மெஷின்ல பால் இல்ல. சனிக்கிழமை வேலைக்கு வரச் சொல்லத் தெரியுது, அந்த மெஷின்ல ஒரு பாக்கெட் பாலை ரொப்ப ஆள் போடத் தெரியலையா?