70 வருஷப் படம்னா கொன்னது யாருன்னு சொல்லிடுவீங்களா?

"பயப்படாம கேளுங்க, ஸ்பாய்லர் எதுவும் சொல்ல மாட்டோம்" என்று பாட்காஸ்டில் தேனொழுகப் பேசிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே கொன்றது யார் என்று போட்டு உடைக்கிறவர்களை என்ன செய்வது? நேற்று சாயங்காலத்திலிருந்து வயிறு எரிகிறது. அதுவும் எந்தப் படத்துக்கு? 'அந்த நாள்' படத்துக்கு!

1954இல் வந்த படம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஏவி.எம். தயாரிப்பு. பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது. பாட்டுக்காகவே ஜனம் கொட்டகைக்குப் போன காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். படம் ஆரம்பித்த உடனேயே சிவாஜி கணேசனைச் சுட்டுச் சாய்த்துவிடுவார்கள். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் வருஷத்துக் கதை. ஜாவர் சீதாராமன் துப்பறிய வருகிறார், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல, செத்துப்போன அந்த மனிதன் யார் என்பதே மாறிக்கொண்டு போகும். பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தடவை பார்க்கும்போது அது என்ன செய்யும் என்று. அந்த முதல் தடவை ஒரு ஆளுக்கு ஒரே ஒருமுறைதான் வரும். அதைத்தான் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

என்னிடமிருந்து அல்ல, நான் பலமுறை பார்த்தாகிவிட்டது. என் அக்கா மகளிடமிருந்து. காலேஜ் படிக்கிறாள், த்ரில்லர் என்றால் உயிர், கொரியன், ஸ்பானிஷ், மலையாளம் என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். இந்தப் படத்தை மட்டும் நான்தான் பிடித்து வைத்திருந்தேன். போனில் பார்க்காதே, துண்டு துண்டாகப் பார்க்காதே, நீ லீவுக்கு வா, விளக்கை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். அவளும் அதற்காகவே விக்கிப்பீடியா பக்கம்கூடப் போகாமல் இருந்தாள். நேற்று ராத்திரி பார்ப்பதாக ஏற்பாடு.

சாயங்காலம் நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அவள் கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன் மிக்ஸி பக்கத்தில். 'தமிழின் சிறந்த த்ரில்லர்கள்' என்று ஒரு பாட்காஸ்ட், இரண்டு பேர் பேசுகிறார்கள், ஸ்பாய்லர் இல்லை என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். நம்பித்தான் போட்டேன். முதலில் அவர்கள் என்ன டீ குடிக்கிறார்கள், போன வாரம் ஏன் எபிசோடு வரவில்லை என்றெல்லாம் பேசி முடித்தார்கள். அப்புறம் ஒருவர் 'அந்த நாள்' என்றார். நிறுத்தட்டுமா என்று அவளைப் பார்த்தேன், "ஸ்பாய்லர் இல்லைன்னுதானே சித்தி போட்டிருக்கு" என்றாள். சரி என்று விட்டேன். அவர் பாலசந்தரைப் பற்றிப் பேசினார், 'ரஷோமான்' என்கிற ஜப்பானியப் படத்தைப் பார்த்த பாதிப்பில் எடுத்தது என்றார், எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று குரலைத் தாழ்த்தி, "ஆனா பாஸ், அந்தக் காலத்துல போய் கொலை செஞ்சவங்களா இவங்களக் காட்ட..." என்று இழுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் மாவு. முழங்கையால் போனைத் தட்டினேன், அது மிக்ஸிக்குப் பின்னால் போய் விழுந்தது. அவள் வெங்காயத்தைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினாள், அதற்குள் மிக்ஸிக்குப் பின்னாலிருந்து பெயர் வந்துவிட்டது. பாத்திரத்தின் பெயர், நடித்தவர் பெயர், என்ன காரணம், எப்படி நடந்தது, எல்லாம். நான் போனைத் துழாவி எடுத்து மாவுக்கையோடு திரையைத் தேய்க்கிறேன், தொடுதிரை மாவுக்கு எங்கே மசியும், அது பாட்டுக்குப் பேசுகிறது. கூட இருந்தவர் சிரித்துக்கொண்டே "டேய், சொல்லிட்டியேடா!" என்கிறார். அதற்கு இவர், "70 வருஷப் படம்டா, இன்னுமா பாக்காம இருப்பாங்க?"

இருப்பார்கள் ஐயா. இதோ என் சமையலறையில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு நின்றாளே.

இதில் என் கோபம் எங்கே உச்சிக்கு ஏறுகிறது என்றால், இது நேரலை இல்லை. பேசி, பதிவு செய்து, உட்கார்ந்து வெட்டி ஒட்டி வெளியிட்டது. இருமலை வெட்டத் தெரிகிறது, நடுவில் விளம்பரம் சொருகத் தெரிகிறது. "சொல்லிட்டியேடா" என்று அவர் சொன்ன இடத்தில் ஒரு சிரிப்புச் சத்தம்கூட சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால் எடிட்டில் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறார்கள், தப்பு என்று புரிந்திருக்கிறது, இருந்தும் விட்டுவைத்திருக்கிறார்கள். வாய் தவறுவது யாருக்கும் நடக்கும். இது வாய் தவறியது இல்லை.

70 வருஷம் ஆனது படத்துக்கு. பார்க்கிற பெண்ணுக்கு 19 வயது. அவள் எப்போது பார்க்கிறாளோ அன்றைக்குத்தான் அவளுக்கு அது ரிலீஸ். பழைய படத்தை இளையவர்கள் பார்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று இதே ஆட்கள்தான் அடுத்த எபிசோடில் புலம்புவார்கள். பார்க்க வந்த ஒருத்தியை வாசலிலேயே மடக்கி, கொன்றது யார் என்று சொல்லி அனுப்பிவிட்டு என்ன புலம்பல்?

உடனே சிலர் வருவார்கள், கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே விடிய விடியக் கூத்து பார்க்கிறோம் என்று. கர்ண மோட்சம் பார்க்கப் போகிறவர் கர்ணனைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவா போகிறார்? அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதன் மேல்தான் கூத்தே நிற்கிறது. இங்கே தெரியாது என்பதன் மேல் இயக்குநர் ஒவ்வொரு காட்சியாக அடுக்கிக் கட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றா?

இன்னொரு கூட்டம், சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக்கை இழுத்துக்கொண்டு வரும். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால்தான் சஸ்பென்ஸ் என்று ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சினிமா பாட்காஸ்ட் ஆரம்பிக்க இந்த வெடிகுண்டுக் கதை தெரிந்திருந்தால் போதும் போலிருக்கிறது, எல்லாரும் இதையே சொல்கிறார்கள். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு பேசிய அதே பேச்சில், எதிர்பாராத முடிவுதான் கதையின் உயிர் என்றால் அங்கே இது பொருந்தாது என்றும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார். அதுவும் போக, குண்டு இருப்பதை எப்போது காட்டுவது என்று முடிவு செய்கிறவர் இயக்குநர். நடுவில் மைக் பிடித்து உட்கார்ந்திருக்கிறவர் இல்லை. அதே ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' வந்தபோது படம் ஆரம்பித்த பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பாக நின்றவர். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

1955இல் வந்த பிரெஞ்சுப் படம் 'லே டயபாலிக்', முடிந்ததும் திரையில் எழுத்துப் போட்டு, பார்த்ததை நண்பர்களிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. லண்டனில் 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'மௌஸ்ட்ராப்' நாடகத்தில், முடிந்த பிறகு மேடையிலிருந்தே பார்வையாளர்களிடம் ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பார்கள். யாரோ டிக்கெட் வாங்கி வந்த ஜனத்தை நம்பி ஒப்படைக்கிறார்கள், ஜனமும் மதிக்கிறது. சினிமாவை நேசிக்கிறோம் என்று சொல்லி மைக் வாங்கியவர்களால் முடியவில்லை.

பெயரைச் சொல்லாமலே கெடுக்கிறவர்கள் இன்னும் மோசம். "கடைசி 20 நிமிஷத்துல ஒரு ட்விஸ்ட் இருக்கு, நான் சொல்ல மாட்டேன்." சொல்லியாகிவிட்டது! இனி நான் கடைசி 20 நிமிஷம் வரை எதையும் நம்ப மாட்டேன். "அந்த டாக்டரா வர்றவரை மட்டும் நல்லா கவனிங்க." முடிந்தது கதை. இதில் யூடியூப் முகப்புப் படம் வேறு, வில்லன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், 'கிளைமாக்ஸ் விளக்கம்' என்று. நான் தேடவே இல்லை, அதுவாக வந்து முகத்தில் அறைகிறது.

பேய்ப்படம் பேசினால் இதைவிட எரிச்சல். "எனக்குப் பயமே வரலை பாஸ்." எத்தனை தடவை தூக்கிவாரிப் போட்டது என்பதுதான் இவர்களுக்குக் கணக்கு. டமார் என்று சத்தம் போட்டால் யாருக்கும்தான் தூக்கிப் போடும், அதற்கு எதற்குப் பேய்? 2009இல் வந்த 'யாவரும் நலம்' படத்தில் மற்ற எல்லாருக்கும் ஓடுகிற லிஃப்ட் மாதவன் ஏறினால் மட்டும் நகராது. வீட்டில் பெண்கள் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்கள், நம் வீட்டில் நடப்பது மாதிரிதான், ஆனால் அந்த சீரியலில் நடப்பதெல்லாம் அந்த வீட்டில் நடக்க ஆரம்பிக்கிறது. பகல் வெளிச்சத்தில், டிவி சத்தத்துக்கு நடுவில் வருகிற பயம் அது. அதைப் போய் "ஸ்லோ, லேக்" என்று இரண்டு வார்த்தையில் தள்ளிவிட்டு, அரை மணி நேரம் பாக்ஸ் ஆபீஸ் பேசுகிறார்கள்.

ராத்திரி படம் பார்த்தோம். "பரவால்ல சித்தி, போடு" என்றாள். போட்டேன். அந்தப் பாத்திரம் முதலில் திரையில் வந்த நிமிஷத்திலிருந்து அவள் கண் வேறு எங்கும் போகவில்லை. மற்றவர்கள் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள், ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் வர வேண்டிய இடம், அவள் யார் மேலும் சந்தேகப்படவில்லை. தெரியும், அதனால் காத்திருந்தாள். முடிந்ததும் "நல்லாருக்கு" என்றாள். இந்தப் படத்துக்கு "நல்லாருக்கு"! முதல் தடவை பார்த்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு படுக்கப் போனாள்.

நான் மட்டும் கோபம் ஆறாமல், வேறு ஏதாவது பார்ப்போம் என்று ஓடிடியில் பெயர் தெரியாத ஒரு வேற்றுமொழி த்ரில்லரைப் போட்டேன். கடத்தல்காரன் போன் பண்ணுகிறான், குரலை மாற்றிப் பேசுகிறான், முகம் இருட்டில். படம் பிடித்தவர் விளக்கை எங்கே வைப்பது என்று எத்தனை நாள் மண்டையை உடைத்திருப்பார் அந்த முகம் தெரியாமல் இருக்க. கீழே சப்டைட்டிலில் அந்த ஆளின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, அப்புறம் வசனம் போட்டிருக்கிறார்கள். பெயர்! அரை மணி நேரத்துக்கு முன்னால் கதாநாயகி வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போன ஆள்! இந்த சப்டைட்டிலை எழுதினவர் அந்தப் படத்தைப் பார்த்தாரா இல்லையா?