பாஸ் கெடச்சுருச்சா?

(2020 ஜூன் 10, காலைல பதினோரு மணி. செல்வி சென்னைல, அவ வீட்டுக்காரரோட அக்கா கோயில்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல. போன் ஸ்பீக்கர்ல கெடக்கு, செல்வி வெங்காயம் உரிச்சிட்டிருக்கா.)

மதினி: ஏ செல்வி, தம்பிக்கு பாஸு கெடச்சுருச்சா இல்லையா?

செல்வி: கெடச்சுருச்சு மதினி! நேத்தே டிவில சொல்லிட்டாங்களே, நீங்க பாக்கலையா?

மதினி: டிவிலயா? போனுக்கு மெசேஜு வரும்னுல்ல சொன்னான்?

செல்வி: மெசேஜெல்லாம் மார்க் வரும்போதுதான். இது முதலமைச்சரே சொல்லிட்டாரு. ஆல் பாஸ்.

மதினி: ஆல் பாஸுன்னா? கேட்டவங்க எல்லாத்துக்குமா?

செல்வி: கேக்காதவங்களுக்கும்தான். மொத்தம் 9 லட்சம் பேருக்கு மேல.

மதினி: ஆத்தி! 9 லட்சம் பேரா! அம்புட்டு பேரும் எங்க வரப்போறாக?

செல்வி: எங்க வர்றது, லெவன்த்துக்குத்தான். எல்லாரும் பாஸ்னா சீட்டுக்கு அடிதடிதான் மதினி, அத நெனச்சாத்தான் எனக்கு இப்பவே வயித்தக் கலக்குது.

மதினி: சீட்டா? மெட்ராஸ்ல இருந்து பஸ்ஸே விடல, இதுல சீட்டு புடிக்க முடியலன்னு அழுவுற. கார்லதான வரணும்?

செல்வி: லெவன்த்துக்கு எதுக்கு மதினி கார்ல போகணும்? ஸ்கூலு பக்கத்துத் தெருதான்.

மதினி: என்னமோ சொல்லுத. சரி, என்ன காரணம்னு போட்டு பாஸு குடுத்தாக?

செல்வி: காரணமா? கொரோனாதான்.

மதினி: கொரோனான்னு போட்டா எவன்டி பாஸு குடுப்பான்? வீட்டு வாசல்ல தகரம்ல அடிச்சுட்டுப் போவான்!

செல்வி: அட கொரோனாவாலதான் மதினி பாஸே! இல்லேன்னா அவன் எடுத்த கணக்கு மார்க்குக்கு யாரு குடுப்பா?

மதினி: கணக்கு மார்க்கெல்லாமா கேக்கான் அந்த பாரத்துல? அதான் தம்பி ஆறு தடவ போட்டும் ஆறு தடவையும் ரிஜெக்ட்டுன்னு பொலம்புனானா?

செல்வி: தம்பி ஆறு தடவையா? மதினி, எக்ஸாம் ஒரு தடவ கூட நடக்கலையே! மார்ச் 27-ன்னாங்க, அப்பறம் ஜூன் 1-ன்னாங்க, அப்பறம் 15-ன்னாங்க, நேத்து ஒன்னுமே இல்லன்னுட்டாங்க. தம்பி எங்க ஆறு தடவ போனான்?

மதினி: நீ எந்தத் தம்பியச் சொல்லுத? ஒம்மவன் எனக்கு மருமவன்ல. நான் என் கூடப்பொறந்த தம்பியச் சொல்லுதேன். ஒன் வீட்டுக்காரன.

(வெங்காயம் கை நழுவி உருண்டு பிரிட்ஜுக்கு அடில போயிருச்சு.)

செல்வி: அவரா? ஆறு தடவையா? ஆறு தடவையும் பெயிலா?

மதினி: ஆமாங்கேன். ஆறாவது தடவ முந்தாநேத்துதான்.

செல்வி: முந்தாநேத்தா? இந்த வயசுல எதுக்கு எழுதுனாரு? மதினி, பதினேழு வருசமா எங்கிட்ட கணக்குல சென்டம்னு சொல்லிட்டிருக்காரு. புள்ளய அந்த சென்டம சொல்லிச் சொல்லியே கொன்னு எடுத்துட்டாரு. உன் வயசுல நான் தெருவிளக்குல படிச்சேன், கணக்குல 100-க்கு 100-ன்னு சாப்பாட்டுத் தட்டு முன்னாடி தெனம் ஒரு தடவ. ரசத்துக்கு அப்பறம் மோருக்கு முன்னாடி அது கரெக்டா வந்துரும்.

மதினி: தெருவிளக்குலயா? எங்க வீட்டுல அப்பமே ரெண்டு டியூப்லைட்டு இருந்துச்சு.

செல்வி: அப்ப அதுவும் பொய்யா?

மதினி: ஏ, நான் சொல்லுதது இ-பாஸுடி. இந்த ஊரடங்குல ஊருக்கு வாரதுக்கு கவர்மெண்டு குடுக்க அனுமதி. ஆன்லைன்ல போடுதான்ல, அது.

செல்வி: ...யாரு ஊருக்கு வாராங்க?

மதினி: நீங்கதான். நீ, அவன், மருமவன். ஒனக்கு தெரியாதா?

செல்வி: எனக்கு எப்படி மதினி தெரியும், நான் இந்த வீட்டுலதான இருக்கேன். அவரு ரூம்ல இருக்காரு. காலைல ஒம்போதுக்கு காதுல அந்த ஹெட்போன மாட்டிட்டு கதவச் சாத்துனா ராத்திரி வரைக்கும் மீட்டிங்காம். மனுசன் வெளிய வரமாட்டாரு, கதவு லேசா தெறந்து டம்ளர் மட்டும் வெளிய வரும். டம்ளரும் அதப் புடிச்சிருக்கற கையும். நான் காபி ஊத்துனா உள்ள போயிரும். மூணு மாசமா எனக்கும் அந்தக் கைக்கும்தான் குடித்தனம்.

மதினி: பாவம், வேல அம்புட்டு இருக்கும் போல.

செல்வி: இருக்கும் இருக்கும். ஆறு தடவ அப்ளை பண்ணுன வேலையும் அதுல சேத்தி போல. என்ன காரணம்னு போட்டாராம்?

மதினி: மூணே காரணத்துக்குத்தான் குடுப்பானாம்லா. சாவு, கல்யாணம், வைத்தியம். மொத தடவ எங்கம்மா செத்துருச்சுன்னு போட்டுருக்கான்.

செல்வி: அத்த போயி ஒம்போது வருசமாச்சே!

மதினி: சர்டிபிகேட்டு கேட்டானாம். இவனும் இருக்குதேன்னு அதையே ஏத்தி விட்டுட்டான். 2011-ன்னு போட்டுருந்தா எவன் விடுவான்? ஒம்போது வருசமா எடுக்காம என்ன செஞ்சீகன்னு கேக்க மாட்டானா?

செல்வி: சாவுக்கு 20 பேருதான் வரலாம்னு வேற ரூல் இருக்கு. அப்பறம்?

மதினி: ரெண்டாவது தடவ கல்யாணம். அக்கா மவளுக்குன்னு போட்டுருக்கான்.

செல்வி: உங்களுக்கு ரெண்டும் பசங்கதான?

மதினி: அதத்தான் நானும் கேட்டேன். பத்திரிக்க வேணும்னானாம், என்னய ஒன்னு எழுதி போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுதான். பொண்ணு பேருக்கு நான் எங்க போவேன்? அடுத்து மூணு தடவ வைத்தியம்.

செல்வி: யாருக்கு?

மதினி: ...ஒனக்குத்தான்.

செல்வி: எனக்கு என்ன?

மதினி: ஒரு தடவ தைராய்டு. ஒரு தடவ முட்டி. கடைசில மனசு சரியில்லன்னு.

செல்வி: அந்தக் கடைசி ஒன்னு மட்டும் உண்மை. அதுக்குக் குடுத்துருக்கலாம்.

(கதவு இடுக்குல டம்ளர் வந்துச்சு. செல்வி அத ஒரு பார்வ பாத்தா. டம்ளர் மெதுவா உள்ள போயிருச்சு.)

மதினி: ஆறாவதுக்கு என்ன போட்டான்னு சொல்லல. சரி அத விடு. மருமவன் பாஸாயிட்டான்ல, எத்தன மார்க்கு?

செல்வி: மதினி, பரீட்சையே நடக்கல.

மதினி: அது தெரியுது. எத்தன மார்க்கு?

செல்வி: நடக்காத பரீட்சைக்கு எப்படி மதினி மார்க்கு?

மதினி: ஒரு அந்தாசா சொல்லேன். நானூறு இருக்குமா?

செல்வி: நேத்து டிவில சொல்லி கால் மணி நேரத்துல ஆரம்பிச்சது, இதோட நீங்க பதினாலாவது ஆளு. மேல்வீட்டு அக்கா மாடில இருந்து கயித்துல கூடைய விட்டு பால் பாக்கெட்ட எடுக்கறவங்க, ரெண்டு மாசமா படியெறங்கல, நேத்து படியெறங்கி மாஸ்க்கு போட்டுட்டு வந்து மார்க்கு கேட்டாங்க. கொரோனாவுக்கு பயந்து குப்ப போட வரல, மார்க்கு கேக்க வர்றாங்க.

மதினி: அக்கறைல கேக்காக.

செல்வி: அக்கறை இருந்தா நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தராவது கேக்கணும்ல? மூணு மாசமா நாலரை மணிக்கு அலாரம் அவனுக்கு இல்ல, எனக்கு. நான் எந்திரிச்சு அவன எழுப்பி மூஞ்சில தண்ணி தெளிச்சு பூஸ்ட்டு போட்டுக் குடுத்து பக்கத்துல உக்காந்துக்கணும், இல்லேன்னா புக்க முட்டுக் குடுத்துட்டு தூங்குவான், அப்பறம் ஸ்கூல்ல இருந்து வாட்ஸ்அப்ல கொஸ்டின் பேப்பர் அனுப்புவாங்க, அத என் போன்ல பாத்து நான் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து, மூணு மணி நேரம் டைனிங் டேபிள்ல அவன் எழுத நான் சூப்பர்வைசர், ஒரு பக்கம் குக்கர் விசில் எண்ணணும் ஒரு பக்கம் இவன் புக்க தொடைக்கு அடில வச்சிருக்கானான்னு பாக்கணும், முடிச்சதும் நானே திருத்தணும், திருத்துனா அரை மார்க்கு விட்டுட்டேன்னு எங்கிட்டயே ரீடோட்டல் கேப்பான். முதல் உலகப்போர் பாடம் எனக்கு இப்ப தலகீழா வரும் மதினி. நடு ராத்திரி எழுப்பிக் கேளுங்க, சொல்வேன். அந்தப் பரீட்சைய எனக்கு வச்சிருந்தா நான் எழுதியிருப்பேன். அவன விட்ருங்க, என்னய கூப்ட்டு ஒரு பேப்பராவது குடுத்திருக்கலாம்ல.

மதினி: அவன் என்ன செய்தான் இப்ப?

செல்வி: நேத்து மத்தியானம் படுத்தவன் இன்னும் எந்திரிக்கல. இன்னைக்கு நாலரைக்கு நான் எந்திரிச்சுட்டேன். எந்திரிச்சு பூஸ்ட்டும் போட்டுட்டேன். அப்பறம் நானே குடிச்சேன்.

மதினி: அப்ப மார்க்கு?

செல்வி: காலாண்டு அரையாண்டுல எடுத்தத வச்சு 80, ஸ்கூலுக்கு ஒழுங்கா போனதுக்கு 20. அரையாண்டுல கணக்குல 41.

மதினி: 41-ஆ! ஏன் அம்புட்டு கம்மி?

செல்வி: ஸ்கூல்ல வேணும்னே டைட்டா திருத்துனாங்க. அப்பத்தான் பயந்துகிட்டு பப்ளிக்ல நல்லா எழுதுவாங்களாம். நானும் டீச்சர் கையப் புடிச்சு ரொம்ப நல்லது, இன்னும் டைட்டா திருத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

மதினி: அப்ப லீவு போடாம போயிருந்தா 20-ஆவது முழுசா வரும்.

செல்வி: போன வருசம் உங்க ஊர்க்கொடைக்கு நாலு நாள் லீவு போட வச்சு கூட்டிட்டு வந்தாரே உங்க தம்பி. அதுல கொறையும்.

மதினி: சாமி காரியத்துக்குப் போயி கணக்கு பாக்காத. சரி, அப்ப இ-பாஸு கெடைக்கல இல்ல?

செல்வி: கெடைக்கல.

மதினி: அப்பாடா. ...அடடா, கெடைக்கலையா.

செல்வி: மதினி, மொதல்ல அப்பாடான்னீங்க.

மதினி: இல்ல செல்வி, தப்பா நெனைக்காத. ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசுதாக. ஊர் எல்லைல சீமக்கருவேல முள்ள வெட்டிப் போட்டுருக்கு. கீழத்தெருப் பய ஒருத்தன் மெட்ராஸ்ல இருந்து பைக்லயே வந்துட்டான், அவன பள்ளிக்கூடத்துல 14 நாளு உக்கார வச்சு தட்டுல சோத்த தள்ளி விட்டாக. ஒங்கள அப்படி வச்சா எனக்குத்தான அசிங்கம்?

செல்வி: போன வருசம் கொடைக்கு உள்ளூர்க்காரங்களுக்கு ஆயிரம், சென்னைக்காரங்களுக்கு ரெண்டாயிரம்னு வரி போட்டீங்க. அப்ப நாங்க முள்ள தாண்டித்தான் குடுத்தோமா? ரூவா நோட்டு சென்னைல இருந்து வந்தா ஒட்டாதாக்கும், ஆளு வந்தாத்தான் ஒட்டும். இந்தா கோயில்பட்டி கடல மிட்டாய்க்கு ஏப்ரல்ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்கன்னு போன் போட்டு அம்புட்டு பெருமையா சொன்னீங்க, அந்த மிட்டாய வாங்கித் திங்கறதுல பாதி இங்கதான் இருக்கோம்.

மதினி: அட, நான் ஒரு வார்த்த சொன்னா...

செல்வி: நான் வரல மதினி. நிம்மதியா இருங்க. பாஸு குடுத்தாலும் வரல.

மதினி: கோவப்படாத. இங்க வந்தாலும் மருமவன் சும்மா போனத்தான் நோண்டுவான். அவங்கப்பன மாதிரி படிப்புல ஆர்வம்...

செல்வி: அவங்கப்பா மாதிரியா? சென்டம் மாதிரியா?

மதினி: ஆமா, அந்த... சென்டம்.

செல்வி: என்ன மதினி இழுக்கறீங்க?

மதினி: ஒன்னுமில்ல. நீ மொதல்ல ஆறு தடவ பெயிலான்னு கேட்டல்ல, எனக்கு மனசே கேக்கல. எந்தம்பிய அப்படிச் சொல்லலாமா? ஆறெல்லாம் ஒன்னும் இல்ல. கணக்குல ரெண்டே தடவதான்.

செல்வி: ...என்னது?

மதினி: மூணாவது தடவ 35 எடுத்துட்டான்ல! எங்கப்பா ஊருக்கே சேவு வாங்கிக் குடுத்தாக. ஏ செல்வி, இங்க டவர் சரியில்ல, விட்டு விட்டுக் கேக்குது, வைக்கேன், பொறவு கூப்புடுதேன்.

(கதவு இடுக்குல மறுபடி டம்ளர் வந்துச்சு. செல்வி போய் டம்ளர விட்டுட்டு கையப் புடிச்சா.)

செல்வி: ஏங்க, மீட்டிங்க மியூட்ல போட்டுட்டு வெளிய வாங்க. வரும்போது பீரோல இருந்து உங்க பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்டையும் எடுத்துட்டு வாங்க. புள்ள எந்திரிக்கற நேரம்தான், சாப்புடும்போது காட்டுவோம்.