புது டயரில் முதல் நாளே முழு கிரிப் கிடைக்குமா?

‘பைக்குக்குப் புது டயர் போட்டாச்சா? மழையோ வளைவோ, கவலையே வேண்டாம். முதல் கிலோமீட்டரிலேயே முழு கிரிப்!’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

வார்ப்பு அச்சிலிருந்து வரும் புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். ரிம்மில் ஏற்றும்போது தடவிய சோப்புக் கரைசலும் ஓரத்தில் ஒட்டியிருக்கலாம். சாலையில் உரசி மேல்பரப்பு சொரசொரப்பான பிறகுதான் பிடிப்பு முழுதாக வரும். முதல் 150 கிலோமீட்டர் வரையாவது சட்டென்று பிரேக் அடிக்காமல், ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஓட்டுங்கள். நேர்ச்சாலையில் மட்டும் ஓடினால் நடுப்பகுதிதான் பழகும், ஓரங்கள் அப்படியே இருக்கும். அதனால் காய்ந்த சாலையில், வளைவுகளில் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

அப்புறம், ‘வண்டி தானாகச் சாய்கிறது, டயர் டூப்ளிகேட்’ என்றும் சிலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. பழைய டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். வளைவில் அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்ட வண்டியைத் தள்ளித் தள்ளிப் பழகியிருப்போம். புதியதன் வட்ட வடிவத்தில் அந்தத் தடையில்லை, வண்டி லேசாகத் திரும்புகிறது. காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகும் ஹேண்டில் ஆடினால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.